பிசிஷியன் அசிஸ்டன்ட்னு ஒரு வேலை எப்படி வந்துச்சு?

தூங்காமூஞ்சி:
அமெரிக்காவுல பிஏங்கறவங்க நோயாளியப் பாக்கறாங்க, மருந்து எழுதறாங்க, ஆபரேஷன்ல கூட நிக்கறாங்க, ஆனா டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. இப்படி ரெண்டுங்கெட்டானா ஒரு வேலைய யாருங்க கெளப்புனது? டாக்டர் பத்தலன்னா இன்னும் நாலு காலேஜ் தொறக்க வேண்டியதுதானே?

நைட்டூட்டி:
காலேஜ தொறந்தா அதுலேருந்து டாக்டர் வெளிய வர எத்தன வருஷம் ஆகும், அதாங்க சிக்கல். 1965ல நார்த் கரோலினா டியூக் யுனிவர்சிட்டியில யூஜீன் ஸ்டெட்னு ஒரு மெடிசின் ப்ரொஃபசர் இத ஆரம்பிச்சாரு. மொத பேட்ச் நாலே பேரு, நாலு பேரும் கடற்படையில கார்ப்ஸ்மேனா இருந்தவங்க. கார்ப்ஸ்மேன்னா டாக்டர் பக்கத்துல இல்லாத எடத்துல அடிபட்டவனுக்கு ரத்தத்த நிறுத்தி காயத்துக்கு கட்டு போட்டு ஊசி போட்டு உயிர இழுத்துப் புடிக்கற ஆளு, அதே ஆளு ஊருக்குத் திரும்பினா லைசென்ஸ் இல்ல, ஸ்ட்ரெச்சர் தள்ளற வேலைதான் கெடைக்கும். அவங்களப் புடிச்சு ரெண்டு வருஷம் ட்ரெய்னிங் குடுத்தாரு. 1967 அக்டோபர் 6ல மூணு பேர் முடிச்சாங்க. அது ஸ்டெட்டோட பொறந்தநாளும் கூட, இன்னிக்கும் பிஏ வாரம் அந்தத் தேதியிலதான் தொடங்குது.

பழையசீட்டு:
மேல சொன்னது சரி, ஆனா ஸ்டெட் மொதல்ல தேடிப் போனது நர்ஸுங்களத்தான். 50கள் கடைசியில தெல்மா இங்கிள்ஸ்னு ஒரு நர்ஸிங் டீச்சரோட சேந்து அனுபவப்பட்ட நர்ஸுங்களுக்கு மேல் பயிற்சி குடுத்துப் பாத்தாங்க, நேஷனல் லீக் ஃபார் நர்ஸிங் அங்கீகாரம் தர மாட்டேன்னுடுச்சு. அந்தக் கதவு மட்டும் தொறந்திருந்தா இன்னிக்கு பிஏன்னு தனியா ஒரு ஜாதியே இருந்திருக்காதுன்னு நெனைக்கறேன். ஐடியாவும் திடீர்னு வானத்துலேருந்து குதிக்கல. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அட்லாண்டா கிரேடி ஆஸ்பத்திரியில டாக்டருங்கல்லாம் போருக்குப் போயிட, ஸ்டெட் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ வெச்சே வார்ட ஓட்டுனவரு. அப்புறம் கார்லண்டுங்கற சின்ன ஊர்ல ஏமஸ் ஜான்சன்னு ஒரு டாக்டர், அவர் தானே பழக்கி வெச்ச பட்டி ட்ரெட்வெல்ங்கற ஆளு, டாக்டர் மீட்டிங்குக்கு வெளியூர் போனா கிளினிக்க இவருதான் பாத்துக்குவாராம். ஸ்டெட்டுக்கு இந்த ஜோடிய நல்லாத் தெரியும்.

தூங்காமூஞ்சி:
அட, பட்டி அண்ணன்தான் அப்போ ஒரிஜினல் பிஏ போல! இவ்ளோ பண்ணிட்டு பேரு மட்டும் ஏன் "அசிஸ்டன்ட்"? கேட்டா ஃபைல் தூக்கற ஆளு மாதிரி இருக்கு.

நைட்டூட்டி:
அந்தச் சண்ட இன்னும் ஓயலங்க. 2021ல அவங்க சங்கமே "பிசிஷியன் அசோசியேட்"னு மாத்த ஓட்டு போட்டுச்சு, 2024ல ஒரேகான்ல சட்டத்துலயே மாத்திட்டாங்க, டாக்டர் சங்கங்களுக்கு இதுல ஏக கடுப்பு. கூத்து என்னன்னா பிரிட்டன்ல ஏற்கெனவே அசோசியேட்னுதான் கூப்புட்டுட்டு இருந்தாங்க, நோயாளிங்க டாக்டர்னு நெனச்சுக் கொழம்பறாங்கன்னு 2025ல ஒரு ரிவ்யூ வந்து திரும்ப அசிஸ்டன்ட்டுனே மாத்துங்கன்னு சொல்லிடுச்சு 😂