எக்ஸ்பல்ஸ் சீற்றை வெட்டலாமா, அப்படியே விடலாமா?

வெள்ளவத்தைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அண்ணா வெளிநாடு போனதால் அவருடைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் இப்போது என் கையில். பழைய இரண்டு வால்வு மாடல், சீற் உயரம் 823 மில்லிமீற்றர். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். உட்கார்ந்து இரண்டு காலையும் விட்டால் பெருவிரல் நுனிதான் தரையில் படுகிறது. ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, நிற்கும்போதுதான் பயம். கொஞ்ச நேரம் ஓடினால் சீற்றின் முன்பக்க விளிம்பு தொடையை அழுத்துகிறது, பின்புறமும் வலிக்கிறது. பஞ்சிகாவத்தையில் ஒரு குஷன் கடையில் கேட்டேன். இரண்டு அங்குலம் வெட்டலாம், பின்னேரமே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். வெட்டலாமா? சில நாட்களில் அம்மாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன்.

ஏ9 பயணி:
வெட்ட வேண்டாம், தங்கச்சி. இரண்டு அங்குலம் என்றால் ஐம்பது மில்லிமீற்றர். முன்பக்கத்தில் அவ்வளவு பஞ்சை எடுத்தால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டின் மேல்தான் உட்கார வேண்டி வரும். கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. சீற் இறங்கும், ஃபுட்ரெஸ்ட் இறங்காது. முழங்கால் அந்த அளவுக்குக் கூடுதலாக மடங்கும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை இது தெரியாது. யாழ்ப்பாணம் போனால் தெரியும், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கை விடமாட்டார்கள், குருநாகல், தம்புள்ளை, வவுனியா என்று ஊர் ஊராகத்தான் போக வேண்டும். தம்புள்ளை வரும் முன்பே முழங்கால் கெஞ்சத் தொடங்கிவிடும்.

அந்த பைக் 160 கிலோகூட இல்லை. நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, இடது பாதத்தை நன்றாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்திருங்கள். இரண்டு பாதமும் தட்டையாகப் பட வேண்டும் என்பது ஸ்கூட்டரில் வந்த பழக்கம். அதற்காக நல்ல சீற்றைக் கெடுக்காதீர்கள்.

வெள்ளவத்தைக்காரி:
அண்ணா, ஒற்றைக் கால் முறையை நான் பழகித்தான் இருக்கிறேன். வெறும் மைதானத்தில் அது சரி. காலி வீதியில் பஸ் திடீரென்று ஓரம் கட்டினால், நான் இடது கரையோடு நிற்க வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று வீதியே அந்தப் பக்கம் சரிவாகத்தான் இருக்கும். நான் ஊன்றப் போகும் காலுக்குத்தான் தரை இன்னும் கீழே. அதில் மணலோ வடிகாணின் உடைந்த மூடியோ இருந்தால் பைக் சாய்ந்த பிறகு பிடிக்க எனக்குப் பலம் போதாது. பின்னால் அம்மா இருந்தால் சொல்லவே வேண்டாம். உங்கள் உயரத்துக்கு அது பழக்கம், என் உயரத்துக்கு அது ஆபத்து.

பஞ்சு வேலைக்காரன்:
அக்கா சொல்வது முழுக்க நியாயம். ஆனால் கடைக்காரர் சொன்ன வேலை பிழை. நான் குஷன் வேலை செய்பவன், அதனால் சொல்கிறேன். உயரத்தைக் குறைக்க முதலில் கத்தி வைக்க வேண்டிய இடம் சீற்றின் மேற்பரப்பு அல்ல, முன்பக்கத் தோள்கள். டாங்க்கை ஒட்டி, தொடை இறங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு இருக்கிறதல்லவா? கால் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்த்தான் தரைக்கு இறங்குகிறது. அந்த விளிம்பைச் சரித்து உருட்டினால் கால் நேராக இறங்கும். சீற் உயரம் அதேதான், ஆனால் பாதம் கூடுதலாகப் படும். உங்கள் தொடையை அழுத்துவதும் அதே விளிம்புதான், இரண்டு தொல்லையும் ஒன்றாகப் போகும். ஃபுட்ரெஸ்டுக்கும் சீற்றுக்கும் உள்ள தூரம் மாறாததால் ஏ9 அண்ணா சொன்ன முழங்கால் பிரச்சினையும் வராது.

இரண்டு அங்குலத்தை நடுவில் தோண்டும் கடையில் சீற்றைக் கொடுக்காதீர்கள். தோண்டினால் பள்ளம் டாங்க் பக்கம் சரியும், ஒவ்வொரு பிரேக்குக்கும் நீங்கள் முன்னால் வழுக்குவீர்கள்.

கொட்டாஞ்சேனை கராஜ்:
பஞ்சைத் தொடும் முன் ஸ்பேனரை எடுங்கள். எக்ஸ்பல்ஸின் பின் ஷொக்கில் பத்துப் படி பிரீலோட் இருக்கிறது, அதாவது ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் திருப்பும் ரிங். பின் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் 170 மில்லிமீற்றர். ஆள் உட்கார்ந்ததும் அதில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குவதுதான் பொதுவான கணக்கு. எடை குறைந்தவர் உட்கார்ந்தால் அவ்வளவு அமுங்காது, பைக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நிற்கும். உங்கள் அண்ணா பாரமான ஆள் என்றால் இறுக்கித்தான் வைத்திருப்பார். அதை மிகத் தளர்வான படிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு சதமும் செலவில்லை.

ஏ9 பயணி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கம்பனி கொடுத்த வசதி இருக்கும்போது கத்தி எதற்கு?

பஞ்சு வேலைக்காரன்:
அம்மா ஏறினால்? தளர்வான படியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு குழியில் விழுந்தால் ஷொக் அடி வரை போய் இடிக்கும். ஒவ்வொரு முறையும் ரிங்கைத் திருப்பிக்கொண்டு நிற்க முடியுமா? பைக் நிரந்தரமாக இறங்கினால் சைட் ஸ்டாண்ட் அந்த உயரத்துக்கு நீளமாகிவிடும். பைக் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். புறக்கோட்டையில் பக்கத்தில் பைக் நிறுத்துபவர் இலேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும்.

கொட்டாஞ்சேனை கராஜ்:
ஸ்டாண்ட் விஷயம் உண்மை. ஆனால் அது பின்பக்கத்தை இறக்கும் லோவரிங் லிங்க் என்ற இணைப்பைப் போட்டோ, முன் ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடியில் மேலே ஏற்றியோ நிரந்தரமாக இறக்குபவர்களுக்கு. அந்த வேலைக்கு நானும் எதிர்தான். பின்னால் மட்டும் இறக்கி முன்னால் விட்டால் ஹாண்டிலின் குணமே மாறும். நான் சொன்னது பிரீலோட் மட்டும். அம்மா ஏறும் நாளில் இரண்டு மூன்று படி ஏற்றுங்கள், பழகினால் பெரிய வேலை இல்லை.

தெஹிவளை அக்கா:
எல்லோரும் ஓடுபவரையே பேசுகிறீர்கள். எக்ஸ்பல்ஸில் முன் பின் எல்லாம் ஒரே துண்டு சீற். முன்பக்கத்தை ஆழமாக வெட்டினால் பின்னாலிருப்பவரின் இடம் ஒரு படியாக உயர்ந்து நிற்கும். பிரேக் பிடிக்கும்போது அம்மா அந்தப் படியிலிருந்து உங்கள் முதுகில் இறங்குவார். நான் வருடக்கணக்காகப் பின் சீற்றில் போகிறவள், அது எப்படி என்று எனக்குத் தெரியும். தோளை மட்டும் வெட்டுவது என்றால் எனக்கு ஆட்சேபமில்லை. வலிக்கு ஜெல் போடச் சொல்வார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். கொழும்பு வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தோசைக்கல்தான்.

பஞ்சு வேலைக்காரன்:
ஜெல் விஷயத்தில் நானும் அக்கா பக்கம். வலிக்கு மருந்து பஞ்சின் அடர்த்தி. மென்மையான பஞ்சு கடையில் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், ஓடத் தொடங்கினால் அமுங்கித் தட்டோடு ஒட்டிவிடும். நம் எடையில் பெரும்பகுதி பின்புறத்தில் இரண்டு எலும்பு முனைகளில்தான் விழுகிறது. அந்த இடத்தில் மட்டும் பழைய பஞ்சைக் கொஞ்சம் எடுத்து, ரீபொண்டட் ஃபோம் (பஞ்சுத் துணுக்குகளை அழுத்தி ஒட்டிய கெட்டிப் பஞ்சு) துண்டு ஒன்றை உள்ளே பதித்து ஒட்டி, மேலே மெல்லிய மென்பஞ்சு ஒரு படை விட வேண்டும். உயரம் கூடாது. பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: மேலே உடனே இறங்கி, பிறகு அடியில் தடுக்க வேண்டும். ஒரேயடியாக உள்ளே போனால் அந்தப் பஞ்சு வேண்டாம்.

மேலுறையான ரெக்சினின் தையல் உட்காரும் இடத்தில் வரக் கூடாது, பக்கவாட்டில் வர வேண்டும். தையல் ஓட்டையால் மழை இறங்கினால் பஞ்சு குடித்துவிடும். வெயில் வந்த பிறகும், உட்கார்ந்த அடுத்த நிமிடம் காற்சட்டை நனையும். ரெக்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீற்றும் போடச் சொல்லுங்கள். மே மாதம் தொடங்கினால் அதன் அருமை தெரியும்.

ஏ9 பயணி:
பஞ்சு தம்பி சொல்வது கவனமான வேலை, மறுக்கவில்லை. எல்லாக் கடையிலும் அந்தக் கவனம் கிடைக்குமா? பின்னேரமே தருகிறேன் என்ற இடத்தில் கிடைக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது கையிலிருந்த பைக்கின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. 2025இல் திறந்துவிட்டார்கள் என்பதற்காக ஒரிஜினல் சாமானை வெட்டி எறிய வேண்டுமா? வெட்டியே ஆக வேண்டுமென்றால் பழைய சீற் ஒன்று தேடி அதை வெட்டுங்கள். அண்ணா திரும்பி வந்தால் அவருடையது அவருக்கு இருக்கட்டும்.

வெள்ளவத்தைக்காரி:
இந்த யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. இன்று காலை ரிங்கைப் பார்த்தேன், கிட்டத்தட்ட கடைசிப் படிவரை இறுக்கியிருந்தது. தளர்த்தியதும் விரல்கள் முழுதாகப் படுகின்றன, குதி இன்னும் படவில்லை. தொடை அழுத்தம் அப்படியேதான். ஆகவே தோள் வேலை வேண்டும். நடுவில் கத்தி வைக்க விடமாட்டேன்.

பஞ்சு தம்பி, பழைய சீற் கிடைத்தால் எவ்வளவு சரிப்பது என்பதைக் கடைக்காரருக்கு எப்படிக் காட்டுவது?

பஞ்சு வேலைக்காரன்:
நீங்கள் வழக்கமாகப் போடும் சப்பாத்தோடு போங்கள். ரெக்சினைக் கழற்றிய பிறகு சீற்றைப் பைக்கில் மாட்டி, நீங்கள் உட்கார்ந்து காலை இறக்க வேண்டும். தொடை உரசும் இடத்தில் மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும். முதலில் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் மட்டும் வெட்டி, திரும்ப உட்கார்ந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். இப்படி ஏறி இறங்க விடாத கடை என்றால் சீற்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.