அபிகெயிலுக்கு வயது 11

பழைய பேப்பர்:
நேற்று இங்கே ஒருவர் அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரைப் புகழ்ந்து எழுதி ஆளுயர மாலை போட்டிருந்தார். அமெரிக்காவின் மனசாட்சியாம். 'தி குரூசிபிள்' நாடகத்தைப் படித்தால் போதுமாம், 1692இல் மாசசூசெட்ஸில் சூனியம் வைத்தார்கள் என்று 19 பேரைத் தூக்கில் போட்ட கதை அப்படியே கண்முன் வந்துவிடுமாம். எனக்கு அந்த 'அப்படியே'தான் தொண்டையில் சிக்குகிறது. நாடகத்தில் அபிகெயில் வில்லியம்ஸுக்கு வயது 17. ஜான் பிராக்டருக்கு முப்பத்தைந்து சொச்சம். இருவருக்கும் கள்ளத் தொடர்பு. அவன் விலகிப்போன ஆத்திரத்தில் அவள் ஊரையே மாட்டிவிடுகிறாள். நிஜத்தில் அபிகெயிலுக்கு வயது 11. பிராக்டருக்கு 60. தொடர்பு இருந்ததாக ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

திரைச்சீலை:
மாலை போட்டது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நாடகத்தின் முன்குறிப்பிலேயே மில்லர் எழுதிவிட்டாரே, அபிகெயிலின் வயதைக் கூட்டியிருக்கிறேன் என்று! மறைத்துவிட்டுப் போனவரா அவர்? 1953 ஜனவரியில் நியூயார்க்கில் அது மேடையேறியபோது, நடப்பது 1692 அல்ல, செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் வேட்டையாடிய காலம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படுகிறது.

பழைய பேப்பர்:
முன்குறிப்பில் வயதைக் கூட்டியதைச் சொன்னார், சரி. எதற்காகக் கூட்டினார் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளையை வைத்துக் கள்ளக்காதல் எழுத முடியாது, அதற்காக. பொய்க் குற்றச்சாட்டை எதிர்த்து நாடகம் எழுதிய ஆள், செத்துப்போன ஒரு சிறுமிமேல் புதிதாக ஒரு பொய்க் குற்றச்சாட்டைச் சுமத்தியிருக்கிறார். பிராக்டர்மீதும்தான். அந்த மனிதரை 1692 ஆகஸ்டில் ஒரு முறை தூக்கில் போட்டார்கள். போதாதா?

கடைசி பெஞ்ச்:
அண்ணே, 11ஆ 12ஆ? நான் 12 என்று படித்த ஞாபகம்.

பழைய பேப்பர்:
11 என்றும் எழுதுகிறார்கள், 12 என்றும் எழுதுகிறார்கள். 17 என்று மில்லரைத் தவிர யாரும் எழுதவில்லை.

திரைச்சீலை:
ஆக, உங்கள் 11உம் உறுதியில்லை. குறித்துக்கொள்கிறேன்.

நடுவரிசை:
இருவருக்கும் வணக்கம். வரலாற்று நாடகம் என்றால் என்ன, அதில் எதுவரை மாற்றலாம் என்று முதலில் பேசி முடித்துக்கொண்டால் நல்லது அல்லவா?

பழைய பேப்பர்:
அதை அப்புறம் பார்க்கலாம். 11 வயதுக்குப் பதில் வரட்டும்.

மையூற்று:
பதில் ஆவணத்திலேயே இருக்கிறது. 1692 ஏப்ரலில் பிராக்டரின் மனைவி எலிசபெத்தை விசாரிக்கிறார்கள். அபிகெயில் அவரை அடிக்க முஷ்டியை ஓங்கிக்கொண்டு போகிறாள். பக்கத்தில் போனதும் முஷ்டி விரிகிறது. விரல் நுனி எலிசபெத்தின் தலைத்துணியில் பட்டும் படாமலும் உரசுகிறது. உடனே "விரல் எரிகிறது, விரல் எரிகிறது" என்று அலறுகிறாள். இந்த ஒரு கையசைவைப் படித்துத்தான் மில்லர், இவர்களுக்குள் ஏதோ இருந்திருக்கிறது என்று ஊகித்தார். எழுத்தாளனுக்கு இது போதாதா? எனக்கென்றால் போதும்.

பழைய பேப்பர்:
அடிக்கப் போய்க் கை தளர்ந்தால் கள்ளக்காதலா? நல்ல துப்பறிவாளர்தான். அபிகெயில் இருந்தது பாதிரியார் பாரிஸ் வீட்டில். பிராக்டர் வீட்டில் வேலை செய்தவள் மேரி வாரன், அவளுக்கு 20 வயது இருக்கும். காதல்தான் வேண்டும் என்றால் அவளை வைத்து எழுதியிருக்கலாம், வயதைத் தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது. பெரிய பிடி கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

கடைசி பெஞ்ச்:
நாடகம் நடக்கும் ஊரை 'ஸேலம்' என்று எழுதினால் தேவலை. மில்லருக்கு மாலை போட்ட பதிவில் 'சேலம்' என்று பார்த்ததும் மாம்பழம்தான் ஞாபகம் வந்தது.

திரைச்சீலை:
கிரந்தம் தவிர்ப்பது என் கொள்கை. எழுத்துக்கும் இங்கே காவல்காரரா?

மையூற்று:
மாம்பழம் இருக்கட்டும். இந்த நாடகம் எப்படி வந்தது என்று பாருங்கள். மில்லரின் 'ஆல் மை சன்ஸ்', 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகங்கள் இரண்டையும் இயக்கிய நெருங்கிய நண்பர் எலியா கசான். கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்கப்போகிறேன் என்று அவர் 1952இல் மில்லரிடம் சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டு கசான் வீட்டிலிருந்து நேராகப் பழைய நீதிமன்றக் கட்டுகளைப் பார்க்க மில்லர் கார் ஓட்டிக்கொண்டு போனார். ஏப்ரலில் கசான் எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். நான்கு வருடம் கழித்து, 1956 ஜூன் 21 அன்று, மில்லரையே மெக்கார்த்தி குழு கூப்பிட்டது. தன்னைப் பற்றிப் பேசினார். அடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். மறு வருடம் 500 டாலர் அபராதம், நிறுத்திவைத்த 30 நாள் சிறைத்தண்டனை. 1958இல்தான் மேல்முறையீட்டில் ரத்தானது. அவரைப் போய்ப் பொய்க் குற்றச்சாட்டுக்காரர் என்கிறீர்கள்.

பழைய பேப்பர்:
மெக்கார்த்தி செனட்டர். மில்லரை விசாரித்தது பிரதிநிதிகள் சபையின் குழு. மனசாட்சியைப் பற்றிப் பாடம் எடுக்கும் முன் எந்த அவை என்று பார்த்துக்கொள்ளலாம். அவர் தைரியசாலி இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அந்த 500 டாலரை வைத்து அபிகெயிலின் ஆறு வருடத்தை வாங்க முடியாது என்கிறேன்.

திரைச்சீலை:
ஐந்தோ ஆறோ. கணக்கும் உறுதியில்லை.

வடைமாலை:
விசாரணைக்கு வந்த அடுத்த வாரம் அவருக்கும் மர்லின் மன்றோவுக்கும் கல்யாணம். மன்றோ தன்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால் விசாரணையையே கைவிடுகிறேன் என்று குழுத் தலைவர் தூது விட்டதாக மில்லரே சொல்லியிருக்கிறார். நீங்கள் இருவரும் மூன்று நாளாகப் பிறந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய பேப்பர்:
மன்றோவை இழுத்தது நீங்கள், நான் இல்லை. இழுத்தாயிற்று, இதையும் கேளுங்கள். 1962இல் அவர் இறந்தார். 1964இல் 'ஆஃப்டர் தி ஃபால்'. மேடையில் மேகி என்று ஒரு பாத்திரம். மன்றோதான் அது என்று அப்போதே எல்லோரும் சொன்னார்கள். இயக்கியது யார்? அதே கசான்! செத்தவர்கள் எதிர்வாதம் செய்ய வரமாட்டார்கள் என்ற துணிச்சல் இவருக்கு 1953இலிருந்தே இருக்கிறது.

மையூற்று:
இப்படியே போனால் அடுத்து அவருடைய மகன் விஷயத்துக்கு வருவீர்கள்.

பழைய பேப்பர்:
நீங்களே வந்துவிட்டீர்கள். 1966இல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளையைக் காப்பகத்தில் விட்டார். 1987இல் எழுதிய தடித்த சுயசரிதையில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. சமூக அக்கறை.

மையூற்று:
இதற்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொல்வார்கள். நான் இந்த இழையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

திரைச்சீலை:
இவர் எப்போதும் இப்படித்தான். போன வருடம் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' பேசும்போதும் வில்லி லோமன் பெட்டியில் என்ன சரக்கு இருந்தது என்று கேட்டு நாற்பது பதிவு ஓட்டினார். 742 காட்சி ஓடிய நாடகத்தில் மில்லர் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. இவருக்கு மட்டும் ரசீது வேண்டும்.

பழைய பேப்பர்:
அந்தக் கேள்விக்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மையூற்று:
விலகிவிட்டேன், ஆனாலும் ஒன்று. 1954இல் 'தி குரூசிபிள்' பிரஸ்ஸல்ஸில் அரங்கேறியபோது போய்ப் பார்க்க அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மறுத்தார்கள். வெறும் கள்ளக்காதல் கதைக்கா பாஸ்போர்ட்டை மறுப்பார்கள்?

பழைய பேப்பர்:
பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி சரியாக இருந்திருக்கும். நாடகத்தில் இல்லை.

நடுவரிசை:
நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

கடைசி பெஞ்ச்:
அண்ணே, கடைசியாக, 11ஆ 12ஆ?