ஓவியப் பேராசிரியரின் கண்காட்சி ஆய்வுக் கட்டுரைக்குச் சமமா?

மரச்செதுக்கன்:
எங்கள் துறையில் பதவி உயர்வுக் கூட்டம் முடிந்தது. இரண்டு வருடம் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்துத் தனிக்கண்காட்சி வைத்த ஒரு ஆசிரியருக்கு ஆய்வு மதிப்பெண் சுழியம், காசு கட்டி நான்கு பக்கக் கட்டுரை போட்டவருக்கு முழுசாகக் கிடைத்தது. ஓவியம் சொல்லிக்கொடுக்க வைத்த ஆள் ஓவியம் வரைந்தால் அது வேலையில் சேராதா? வயிறு எரிகிறது.

ஏட்டுச்சுவடி:
காசு கட்டிப் போட்டது தப்புதான். அதற்காக எல்லாக் கண்காட்சியையும் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள முடியாது சார், கூடத்துக்கு வாடகை கொடுத்தால் யாரும் வைக்கலாம். ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனைப் பாருங்கள். பரோடா நுண்கலைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1963இல் லக்னோ ரவீந்திராலயத்துக்குச் சுடுமண் ஓடுகளால் பெரிய சுவர்ச்சிற்பம் செய்தார், 1978இல் ‘மூவிங் ஃபோகஸ்’ என்ற கட்டுரைத் தொகுப்பும் கொடுத்தார். செய்தது ஏன் என்று எழுதவும் தெரிந்தவர்.

மரச்செதுக்கன்:
எழுதாமல் இருந்திருந்தால் அந்தச் சுவர் ஆய்வு இல்லையா? அதில் தாகூரின் நாடகம் ஒன்றைச் சுடுமண்ணில் எப்படிச் சொல்வது என்று தேடிக் கண்டுபிடித்ததே ஆய்வுதானே. ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1946-47இல் சாந்திநிகேதன் இந்தி பவனின் சுவர்களில் பக்திக் கவிகளை வரைந்தார். இன்றுவரை அதைப் பார்த்துக் கட்டுரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். உரைக்கு மதிப்பெண் உண்டு, மூலத்துக்குக் கிடையாதா?

அச்சுமை:
இடையில் ஒன்று. காட்சிக்கலையில் பிஎச்டி இல்லாத தேர்ந்த கலைஞரையும் உதவிப் பேராசிரியராக எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில் தனி வழியே இருக்கிறது. கலைஞர் என்று சொல்லி உள்ளே விட்டவரிடம், அப்புறம் கட்டுரை எங்கே என்று கேட்பது நியாயமில்லை. வெளியூர் ஓவியர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கண்காட்சியை நேரில் பார்த்து மதிப்பிடச் சொல்லலாமே.

ஏட்டுச்சுவடி:
நேரில் பார்ப்பது நல்ல யோசனை, எனக்குச் சம்மதம். ஆனால் என் கவலை வேறு. நான் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) பிள்ளைகளுக்குக் கலை வரலாறு எடுக்கிறேன். நமக்கு முன்னால் இருந்த ஆசிரியர்கள் மையை எப்படிக் கலந்தார்கள், நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு பாணியை ஏன் பாதியில் விட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் காட்ட ஒரு தாள்கூட இல்லை. ஆள் போனதும் கைப்பக்குவமும் கூடவே போய்விடுகிறது. குலாம்முகமது ஷேக் பரோடாவில் முதலில் கலை வரலாறு நடத்தி, பிறகு ஓவியப் பேராசிரியரானவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். பத்துப் பக்கம் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மரச்செதுக்கன்:
சரி, அது நியாயமான கேள்வி. நான் சொன்ன ஆசிரியரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சோதனை அச்சுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் ஓரத்திலும் எந்தக் கட்டை, எவ்வளவு மை, எங்கே பிசகியது என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெட்டியை யாரும் திறந்து காட்டச் சொல்லவில்லை. அதை ஏற்றுக்கொள்வீர்களா?

ஏட்டுச்சுவடி:
கட்டாயம். அந்தக் குறிப்புகளைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. குறிப்பே இல்லாத கண்காட்சிக்கு மட்டும் என் ஓட்டு இன்னும் கிடையாது.