பூனைப் பாட்டு எழுதினவங்க

குழு: நம்ம குடும்பம்

மீனா: அத்தை, யாழினிக்கு வெள்ளிக்கிழமை ரெசிடேஷன். பூனைங்க எங்க வேணா தூங்கும்னு வருமே, அந்த இங்கிலீஷ் பாட்டு. எழுதினவங்களப் பத்தியும் ரெண்டு நிமிஷம் பேசணுமாம். எலினார் ஃபார்ஜன். தெரியுமா உங்களுக்கு?

செந்தில்: அக்கா, 1881ல லண்டன்ல பிறந்து 1965ல இறந்திருக்காங்க. குழந்தைகளுக்கு எழுதறவங்களுக்குக் கொடுக்கற ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை முதன்முதல்ல வாங்கினதே இவங்கதான், 1956ல. இத சொன்னா போதும்

சுந்தரி அத்தை: விருதுக்கு ஒரு வரி போதும்டா. மீனு, அவங்க பள்ளிக்கூடமே போகல, படிப்பெல்லாம் வீட்டுலதான். கண் பார்வை மட்டு, கூச்ச சுபாவம் வேற. அப்பா நாவலாசிரியர், வீடு பூரா புத்தகம்

சுந்தரி அத்தை: அதுல ஒரு சின்ன ரூம். மத்த ரூம்ல இடமில்லாம போன புத்தகமெல்லாம் அங்கதான் குவிஞ்சு கிடக்கும். ஜன்னலே திறக்க மாட்டாங்க. கண்ணாடி வழியா வெயில் விழுந்தா தூசி தங்கத்தூளா மினுக்குமாம். மூக்கு, தொண்டையெல்லாம் அந்தத் தூசி ஏற ஏற உக்காந்து படிப்பாங்களாம். 1955ல வந்த கதைத் தொகுப்புக்கு அந்த ரூம் பேரத்தான் வெச்சாங்க, 'தி லிட்டில் புக்ரூம்'. யாழினி இதத்தான் சொல்லணும்

முருகன் மாமா: 'மார்னிங் ஹேஸ் புரோக்கன்' பாட்டும் அவங்களோடதுதானே?

சுந்தரி அத்தை: ஆமாங்க. ஒரு பழைய ஸ்காட்லாந்து மெட்டு இருந்துச்சு, அதுக்கு வரி கேட்டாங்க, எழுதிக் கொடுத்தாங்க. 1931ல சர்ச் பாட்டுப் புத்தகத்துல வந்தது

செந்தில்: அய்யோ அது கேட் ஸ்டீவன்ஸ் பாட்டுன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்!

முருகன் மாமா: அவர் பாடினது 1971லடா. அந்தம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு

சுந்தரி அத்தை: எனக்கு அவங்க எழுதினதுலயே மனசுல நிக்கறது வேற ஒண்ணு. எட்வர்ட் தாமஸ்னு ஒரு கவிஞர், இவங்களுக்கு ரொம்ப நெருங்கின நண்பர். அவர் கவிதைய டைப் பண்ணிக் கொடுத்ததே இவங்கதான். முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல இருந்தார். அவருக்கு ஆப்பிள்னா உசிரு. ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பி, அதுக்குள்ள வெள்ளி நிறத்துல ஒரு ஈஸ்டர் முட்டைய ஒளிச்சு வெச்சாங்க. முட்டைக்கு நன்றின்னு கடிதம் வந்துச்சு. 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள், அராஸ் சண்டையில போயிட்டார். அதையே ஒரு சின்ன கவிதையா எழுதினாங்க. அழுகை புலம்பல் ஒண்ணும் இருக்காது. ஆப்பிள், முட்டை, தோட்டத்துல விதை போடறது, அவ்வளவுதான்

மீனா: படிக்கறப்பவே என்னமோ பண்ணுது அத்தை. நாலாங்கிளாஸ் பசங்ககிட்ட இத சொல்லலாமா?

சுந்தரி அத்தை: தாராளமா சொல்லலாம். முட்டை ஒளிச்சு வெச்சது அவங்களுக்குத்தான் நல்லாப் புரியும். போர்ல இறந்துட்டார்னு ஒரு வரியில சொல்லட்டும், மறைக்க வேண்டாம்

செந்தில்: அப்ப விருது?

சுந்தரி அத்தை: கடைசியில சொல்லிக்கட்டும்டா 😊 மீனு, பாட்டை ஒரு தடவ சொல்லச் சொல்லி வாய்ஸ் அனுப்பு. மேஜை, நாற்காலி, பியானோன்னு அடுக்கிட்டு வர்ற இடத்துல பசங்க ஓடிடுவாங்க. ஒவ்வொரு இடத்துலயும் பூனை ஏறிப் படுக்கற அளவுக்கு நேரம் விட்டுச் சொல்லணும்

மீனா: சரி அத்தை, சாப்பிட்டதும் அனுப்பச் சொல்றேன்