மேடைக்கு கோர்க் எஸ்வி-2 சரிப்படுமா?

வணக்கம் நண்பர்களே. ஐந்து பேர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பழைய ரோட்ஸ், வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோக்களின் ஒலிதான் எங்கள் பாட்டுகளுக்கு உயிர். அசலைத் தூக்கிக்கொண்டு அலைய முதுகு இடம் தராது. அதனால் அந்த ஒலிகளைத் தரும் மேடை கீபோர்டான கோர்க் எஸ்வி-2 வாங்கலாமா என்று யோசனை. 73 கட்டை உள்ள மாடல்.

நண்பரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கி வாசித்தேன். ஹெட்ஃபோனில் சொக்க வைத்தது. மெல்லத் தொட்டால் மணி போலவும், ஓங்கி அடித்தால் உறுமலாகவும் வருகிறது. திரையும் மெனுவும் இல்லாமல் எல்லாமே குமிழில் இருப்பது பெரிய நிம்மதி.

குழப்பம் ஒத்திகையில் தொடங்கியது. எங்கள் மிக்சருக்கு மோனோவில்தான், அதாவது இடம் வலம் பிரிக்காமல் ஒரே சேனலாகத்தான், கொடுக்க முடியும். அப்போது ரோட்ஸின் இடம் வலம் ஆடும் அந்த வைப்ரேட்டோ செத்துவிட்டது. கிராண்ட் பியானோ ஒலியும் மெலிந்து, கிட்டார் எழுந்ததும் காணாமல் போனது. இடது சேனலை மட்டும் எடுத்தால் தேவலையா? நடு அலைவரிசையைக் கொஞ்சம் ஏற்றினால் போதுமா? அல்லது எனக்கென்று தனி கீபோர்டு ஆம்ப்தான் வழியா?

அப்புறம் கட்டைகள். பியானோ போன்ற எடையுள்ள கட்டை. ரோட்ஸுக்கு அருமை, ஆர்கனுக்கு விரல் சறுக்கினால் வலிக்கிறது. ஆர்கன் எங்களுக்கு நாலு பாட்டில்தான். அதற்காக, ஆர்கனுக்கு ஏற்ற லேசான கட்டையில் வரும் நோர்ட் எலெக்ட்ரோ கீபோர்டு பக்கம் போவது அதிகப்படியா?

இதை வருடக்கணக்கில் மேடையில் வாசித்தவர்கள் சொல்லுங்கள். ஹெட்ஃபோன் அனுபவம் எனக்கே நிறைய இருக்கிறது!