புதுப்பிப்பு: தீர்ப்பு வந்தும் அரசு அலுவலகம் அசையாவிட்டால்

அரசுக்கு எதிராக ஜெயித்த தீர்ப்புகள் கிடப்பில் கிடப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அபராதம் போட்டால் வழிக்கு வருவார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

பிரான்ஸில் 1980-லேயே அதற்குச் சட்டம் வந்தது. காற்று மாசு வழக்கில் உத்தரவை நிறைவேற்றாததற்காக 2021-இல் அங்கே அரசுக்கே 1 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். ஆனால் அது பொதுப்பணம். கோப்பை நகர்த்தாத அதிகாரிக்குக் கைநஷ்டம் இல்லை.

இந்தியாவில் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டால் அதிகாரியே பதில் சொல்லும்படி ஆகும், 6 மாதம் வரை சிறைக்கும் வழியுண்டு. அந்தப் பயம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு இந்த வழக்கைப் போட ஓராண்டுக் கெடு வைக்கிறது. "அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தடித்தே அதைத் தீர்த்துவிடுவார்கள். அதனால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை அலுவலகத்தில் கொடுக்கும்போதே, என்று கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரமாகத் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.