அருவியாற்றில் சரக்குப் படகு விட்டால் என்ன?

நானாட்டான் பொடியன்:
போன மாசிக் கடைசியில் எங்கள் வயல் நெல்லை ஏற்ற லொறி கிடைக்காமல் நான்கு நாள் காத்திருந்தோம். அறுவடை நேரத்தில் லொறிக்கு இருக்கும் கிராக்கி இங்கே எல்லாருக்கும் தெரியும். கேட்டதுதான் கூலி. மூட்டைகளைத் தறப்பாளால் மூடிவிட்டு அருவியாற்றுக் கரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. மகாவலிக்கு அடுத்து இலங்கையின் நீளமான ஆறு இது. 164 கிலோமீற்றர். றிட்டிகல மலையில் பிறந்து, அநுராதபுரத்துக்குள்ளால் வந்து, எங்கள் வயல்களைத் தொட்டுக்கொண்டு மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் கடலில் விழுகிறது. இவ்வளவு நீள ஆற்றில் ஒரு சரக்குப் படகுகூட ஓடவில்லை. கரையில் ஒரு இறங்குதுறை, ஒரு பாரந்தூக்கி, ஒரு களஞ்சியம் போட்டு நெல்லைப் படகில் அரிப்புக்கு இறக்கினால் என்ன? ஐரோப்பாவில் ஆற்றிலும் சாமான் போகிறது என்கிறார்கள். பகிடி பண்ணாமல் பதில் சொல்லுங்கள்.

கட்டுக்கரை விவசாயி:
பகிடி பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பகிடி விடுகிறாய் தம்பி. சிறுபோகக் கூட்டத்தில் ஒரு ஏக்கர் தண்ணீருக்கு நாங்கள் அடிபடாத குறை. உனக்குப் படகு மிதக்கத் தண்ணீர் வேண்டுமாம்.

ஓய்வுபெற்ற ஓவசியர்:
தம்பி கேட்டது நல்ல கேள்வி. பகிடி வேண்டாம், கணக்காகவே பார்ப்போம்.

இருபது மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலத்தில் ஒரு தட்டைப் படகு கட்டுகிறோம் என்று வையுங்கள். அது அரை மீற்றர் தாழ்ந்தால் 50 கன மீற்றர் தண்ணீரை ஒதுக்கும். அதாவது படகும் சாமானும் சேர்ந்து 50 தொன். இரும்புப் படகின் பாரம், எந்திரம், எண்ணெய் எல்லாம் கழித்தால் முப்பது தொன் நெல் ஏற்றலாம். பத்துத் தொன் லொறி மூன்று. அவ்வளவுதான். அதற்கே அடியில் மண் தட்டாமலிருக்க ஆற்றின் முழு நீளத்துக்கும் முக்கால் மீற்றராவது ஆழம் வேண்டும். ஆடி ஆவணியில் அருவியாற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே கடக்கிறோமே, மறந்துவிட்டீர்களா?

ஆற்றின் நீளத்தை வைத்துத் துறைமுகம் கட்ட முடியாது. வருடம் முழுக்க எவ்வளவு தண்ணீர் அதில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. நம்முடைய ஆறு வாடைக்காற்று மழையை மட்டும் நம்பியது. மாரியில் கரையை உடைத்துக்கொண்டு வரும், கோடையில் மணல். வருகிற தண்ணீரையும் அநுராதபுரத்துப் பக்கக் குளங்கள் முதலில் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகிறோம். அந்தக் குளத்தை நம்பி இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. அணைக்கட்டைத் தாண்டிப் படகு போகவேண்டுமென்றால் பூட்டுவாய்க்கால், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி, கட்டவேண்டும். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். இதற்குக் கட்டுக்கரை விவசாயி சம்மதிப்பாரா, கேட்டுப் பாருங்கள்.

கட்டுக்கரை விவசாயி:
கேட்கவே வேண்டாம்.

நானாட்டான் பொடியன்:
ஓவசியர் ஐயா, இன்றைக்கு இருக்கும் தண்ணீரை வைத்துக் கணக்குப் பார்க்கிறீர்கள். அந்தக் காலத்தில் மாதோட்டத் துறைமுகம் எப்படி நடந்தது? சுந்தரர் தேவாரத்தில் மாதோட்டக் கடலில் வங்கம் மலிந்து கிடந்ததாக வருகிறது. வங்கம் என்றால் கப்பல். 1980களின் தொடக்கத்தில் மாந்தையில், அதுதான் அந்த மாதோட்டம், தோண்டியபோது சீனத்து மட்பாண்டமும் மேற்காசிய மட்பாண்டமும் வந்தன. அந்தச் சாமான் எல்லாம் அநுராதபுரத்துக்கு எப்படிப் போயிருக்கும்? இதே ஆறுதானே இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற ஓவசியர்:
மாதோட்டம் அருவியாற்று வாயில் இல்லை தம்பி. ஆறு விழும் இடம் அங்கிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தெற்கே. திருக்கேதீச்சரத்தில் இருப்பது பாலாவி. மாதோட்டத்தின் பலம் கடல்தான். மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் காற்றுக்கு ஒதுங்க இடம் இருந்தது. மணல்திட்டுகளைத் தாண்டப் பெரிய கப்பலால் முடியாததால் சாமான் அங்கே கைமாறியது. அப்புறம் அதுவும் மண் மூடிப்போனது. உள்ளே சாமான் போனது மாட்டு வண்டியிலும் பொதிமாட்டிலும் என்றுதான் நான் நினைக்கிறேன். மாரியில் தோணியும் ஓடியிருக்கலாம், மறுக்கவில்லை.

றைன்கரை:
பூநகரியில் பிறந்து, இப்போது ஜேர்மனியில் டுயிஸ்பேர்க் துறைமுகத்தில் வேலை செய்கிறேன். ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம். கடலிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே, றைனும் றூரும் சேரும் இடம்.

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. றைனில் ஓடும் 110 மீற்றர்ப் படகு ஒன்று ஏறக்குறைய 3,000 தொன் ஏற்றும். நூறு லொறிக்கு மேல், படகில் இருப்பது நாலைந்து பேர். ரொட்டர்டாமிலிருந்து இரும்புத்தாது வருகிறதே, அது இன்னும் வேடிக்கை: ஆறு மிதவைப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி, பின்னால் ஒரே ஒரு தள்ளுபடகு தள்ளிக்கொண்டு வரும். பதினாறாயிரம் தொன்வரை ஒரே தடவையில். கரையில் நின்று பார்த்தால் ஒரு தெருவே நகர்ந்து வருவதுபோல் இருக்கும். தண்டவாளத்தில் ஓடும் பெரிய பாரந்தூக்கி கொன்ரெய்னரைப் படகிலிருந்து எடுத்து நேரே ரயில் பெட்டியில் வைக்கும். படகு, ரயில், லொறி மூன்றும் ஒரே முற்றத்தில் சந்திப்பதுதான் டுயிஸ்பேர்க்கின் பலம். ஆறு அதில் ஒரு பங்கு மட்டும்.

ஆனால் இங்கேயும் ஆறு வற்றும். 2018 ஐப்பசியில் மேலே காவுப் என்ற ஊரில் அளவுகோல் 25 சென்ரிமீற்றர் காட்டியது. ஆற்றில் அவ்வளவுதான் தண்ணீர் என்று அர்த்தமில்லை, படகு ஓடும் பாதை அதைவிட ஒரு மீற்றர்போல் ஆழம். இருந்தாலும் படகுகள் கால்வாசி, மூன்றிலொரு பங்கு பாரத்தோடுதான் போயின. கூலி மடங்கு மடங்காக ஏறியது. 2022 கோடையிலும் இதே கதை. அதற்குப் பிறகும் இந்த ஆறு ஓடுவதற்குக் காரணம் அல்ப்ஸ் மலைப் பனி. வெயில் காலத்தில் அது உருகி வருகிறது. சராசரியாக வினாடிக்கு 2,000 கன மீற்றருக்கு மேல் எங்கள் முற்றத்தைக் கடந்து போகிறது. றிட்டிகலவில் பனி பெய்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் வேலையை விட்டுவிட்டு வந்து உங்கள் துறைமுகத்தில் சேர்கிறேன்.

நானாட்டான் பொடியன்:
ஆதரிக்க வந்த அண்ணையே கவிழ்த்துவிட்டார்.

முல்லைக்கரை:
நான் இருபத்தைந்து வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். ஆற்றுத் துறைமுகம் என்றால் எனக்குக் கல்கத்தாதான். ஹூக்ளி ஆற்று வாயில் வழிகாட்டும் மாலுமி ஏறுவார். பிறகு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போகவேண்டும். கடல் ஏற்றத்துக்குக் காத்து நிற்போம், ஏற்றத்தோடு போவோம், கிதிர்ப்பூரில் கதவைத் திறந்து உள்ளே விட்டு மூடுவார்கள். கதவு இல்லையென்றால் வற்று வரும்போது கப்பல் சேற்றில் குந்திவிடும். அங்கே பெருக்கு நாட்களில் தண்ணீர் நான்கு மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த ஏற்றம்தான் கப்பலைத் தூக்கிக்கொண்டு போகிறது. எங்கள் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட இல்லை. முழங்கால் அளவு.

அந்தக் கல்கத்தாவையே மண் விடவில்லை. கங்கைத் தண்ணீரைத் திருப்பி மண்ணைக் கழுவலாம் என்று பரக்காவில் பெரிய அணை கட்டி 1975இல் திறந்தார்கள். அப்படியும் தோண்டும் கப்பல்கள் இன்றுவரை ஓயவில்லை. பெரிய கப்பலுக்காகக் கீழே ஹல்தியாவில் வேறு துறை கட்டினார்கள். கங்கைக்கே இந்தக் கதி.

நானாட்டான் பொடியன்:
சரி, ஆற்றுக்குள் படகு என்பதை விட்டுவிடுகிறேன். கட்டுக்கரைத் தண்ணீர் கட்டுக்கரைக்கே. ஆனால் ஆற்றுவாயில், அரிப்பிலே ஒரு சின்ன இறங்குதுறை ஏன் கூடாது? நெல், கருவாடு, உப்பு, பனம்பொருள் எல்லாம் கடலால் கொழும்புக்கோ தூத்துக்குடிக்கோ போகலாமே. அதற்கு மழை வேண்டியதில்லை.

அரிப்புக் கடலோடி:
நான் அந்த வாயில் நித்தம் படகு விடுபவன். மாரியில் வெள்ளம் வந்தால் வாய் அகலமாகத் திறக்கும், மரமும் செத்த மாடும் மிதந்து வரும். கோடையில் கடல் மண்ணைத் தள்ளி வாயை ஒடுக்கும். போன வருடம் போன வழியில் இந்த வருடம் போனால் அடி தட்டும். பைபர் படகுக்கே இந்தப் பாடு. சோளகம் தொடங்கினால் திறந்த கடல், ஒதுக்கு இல்லை.

அந்தக் காலத்தில் இங்கே முத்துக்குளிப்புக்கு ஆயிரக்கணக்கில் சனம் வந்து கூடியது. மாசி பங்குனியில் கடல் படுத்திருக்கும்போது மட்டும்தான். ஓலைக் கொட்டிலால் ஒரு பட்டணம் முளைக்கும், முடிந்ததும் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். எவரும் இங்கே நிரந்தரமாகத் துறை கட்டவில்லை. அதைப் பார்க்கவென்று தேசாதிபதி நோர்த் கட்டிய டொரிக் மாளிகை கடல் அரித்து அரித்துத் துண்டு துண்டாக விழுகிறது. ஊர்ப்பெயரே அரிப்பு, தம்பி. தூண்டில்போல் கல்லணை போட்டால் ஒரு பக்கம் மண் சேரும், மறுபக்கம் எங்கள் வாடி கடலுக்குள் போகும். யார் பொறுப்பு?

முல்லைக்கரை:
கடலோடி சொல்வது சரிதான். ஆனாலும் துறையே வேண்டாம் என்று மட்டும் முடிவுகட்ட என்னால் முடியாது. 2009இல் புதுமாத்தளனுக்கு செஞ்சிலுவைக் கப்பல் வந்தது. கரைக்கு வர ஒரு மேடை இல்லை. வெளியே நங்கூரம் போட்டு நின்றது. காயக்காரரைச் சின்ன வள்ளங்களில் ஏற்றி, அலையில் தள்ளி, கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாட்டு மூட்டையும் அப்படித்தான் இறங்கியது. அந்தக் கரையில் நின்றவர்களுக்கு நாற்பது அடி மேடை ஒன்றின் பெறுமதி தெரியும். இலாப நட்டக் கணக்கில் மட்டும் இதைப் பார்க்காதீர்கள்.

றைன்கரை:
கிளாலியில் இரவில் கடல்நீரேரி கடந்தவர்களுக்கும் தெரியும் அண்ணை. சங்குப்பிட்டியில் மிதவைப் பாதை ஓடிய காலத்தில் ஒரு லொறி ஏற்றக் கால்வாசிப் பகல் போய்விடும். 2011இல் பாலம் வந்த பிறகு அந்த வரிசையை எல்லாரும் மறந்துவிட்டோம்.

முருங்கன் அக்கா:
ஆண்கள் எல்லாரும் கப்பலையும் கங்கையையும் பற்றிப் பேசுகிறீர்கள். நெல்லைப் பற்றி யாராவது பேசுங்கள்.

போன காலபோகத்தில் எங்கள் நெல்லை வாங்க வந்தவர் ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு மூன்று கிலோ கழித்தார். தராசும் அவருடையது. ஈரம் பார்க்கும் கருவியும் அவருடையது. நான் வேண்டாம் என்றால் அடுத்தவர் வருவதற்குள் மழை வந்துவிடும். பாதி ஊர் நெல்லைத் தார் றோட்டில் காயவைக்கிறது. தம்பி, உன் நெல்லைத் துறைமுகம் கட்டி நாளைக்கே கப்பலில் ஏற்றினாலும் அது ஈர நெல்தான். கப்பல்காரனும் கழிப்பான்.

துறைமுகத்தில் இருக்கும் என்று எல்லாரும் சொன்ன சாமான்களை எண்ணிப் பார்த்தேன். களஞ்சியம், தராசு, காயவைக்கும் முற்றம், தூக்கும் எந்திரம், ரயில். இதில் எதற்கு ஆறு வேண்டும்? முருங்கனில் புகையிரத நிலையம் இருக்கிறது. 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதை 2015இல் இறங்குதுறைவரை மறுபடி திறந்தாயிற்று. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முற்றமும் சங்கத்துக்குச் சொந்தமான தராசும் கேட்போம்.

ஓய்வுபெற்ற ஓவசியர்:
பிள்ளை சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டுயிஸ்பேர்க்கில் இருந்து றைன்கரை சொன்னதும் அதுதானே, மூன்றும் சந்திக்கும் முற்றம். நமக்கு இரண்டு சந்தித்தால் போதும்.

நானாட்டான் பொடியன்:
அக்கா, முற்றத்துக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ரயில் பெட்டியும் லொறி மாதிரித்தான். அறுவடை நேரத்தில் கேட்டால் இல்லை என்பார்கள். இரண்டாவது வழி ஒன்று இருந்தால்தான் முதலாவது வழிக்காரன் கூலியைக் குறைப்பான். அதற்குத்தான் நான் கடலைப் பார்த்தேன். அரிப்பு வேண்டாம் என்றால் தலைமன்னார். தண்டவாளம் கடல்வரை போகும் இடம் அது. 1914இலிருந்து அங்கே தனுஷ்கோடிக் கப்பலும் ரயிலும் சந்தித்தன. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. யுத்தம்தான் நிறுத்தியது.

முல்லைக்கரை:
தலைமன்னார் என்றால் பேசலாம். பெரிய கப்பல் கனவு மட்டும் வேண்டாம். அந்தக் கடல் ஆழமில்லை. ஆழம் குறைந்த சின்னக் கப்பல், வாரத்துக்கு இரண்டு. அவ்வளவு சாமான் நம்மிடம் இருக்கிறதா என்பதை முதலில் எண்ணுங்கள். போகும்போது நெல், வரும்போது என்ன? வெறுங்கப்பல் ஓடினால் கூலி இரட்டிப்பு.

அரிப்புக் கடலோடி:
அங்கேயும் மீன்பிடிக்காரர் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கட்டுக்கரை விவசாயி:
ஆறு தப்பியது. இனி நீங்கள் கடலில் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

ஓய்வுபெற்ற ஓவசியர்:
தம்பி, ஆடி அமாவாசைக்குப் பாலாவிக்கு வருவாய்தானே. மறுநாள் தேக்கத்திலிருந்து கீழே ஆற்றோடு நடப்போம். ஆழம் பார்க்க ஒரு அளவுத்தடி இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

நானாட்டான் பொடியன்:
வருகிறேன் ஐயா. முழங்காலுக்கு மேல் ஒரு இடமாவது இருந்தால் தேநீர் உங்கள் கணக்கு.